‘கூட’ என்று இரண்டு எழுத்து

ஜனவரி 9

அக்கா,

நேற்று நீ தொலைபேசியில் பேசியது ஒன்றரை நிமிடம். அதில் என் பங்கு “சரி”, “செய்றேன்” என்ற இரண்டு சொற்கள். நடுவில் ஒரு “ம்”. சொல்லாமல் விட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. உன் குரல் எப்போது இவ்வளவு கரகரத்துப் போனது என்று கேட்கவில்லை. “எங்க சங்கத்துக்கு ஒரு லோகோ வேணும், என்ன எழுத்து போடுறதுன்னும் சொல்லணும், உன்னால முடியுமா முடியாதா?” என்று நீ கேட்டபோது, மூன்று வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டது இதற்குத்தானா என்று கேட்கவில்லை. நான் அங்கே வரட்டுமா என்றும் கேட்கவில்லை. அது நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் பின்னால் அம்மா இருமினாள், நீ வைத்துவிட்டாய்.

இனி வேலை. நான் இருப்பது எழுத்துரு வடிவமைக்கும் நிறுவனம் என்பது உனக்குத் தெரியும். என்ன செய்கிறோம் என்பது தெரியாமல் இருக்கலாம். மூன்றாவது மாடியில் ஆறு மேசை, ஆறு பேர். ஒரு வாரம் முழுக்க ‘ழ’வின் கொக்கியை வரைந்து அழிப்போம். அதனால் என் கேள்விகள் உனக்கு அற்பமாகத் தோன்றும். சங்கம் யாருக்காக? எத்தனை பேர்? எங்கே கூடுகிறீர்கள், சுவர் என்ன நிறம், பலகை எங்கே மாட்டுவீர்கள், அங்கே வெளிச்சம் உண்டா? அறிக்கைகளை அச்சடிக்கிறீர்களா, நகல் எடுக்கிறீர்களா? படிப்பவர்கள் கண்ணாடி போடுகிறவர்களா?

அறையைப் பார்க்காமல் எழுத்தைத் தேர்ந்தெடுப்பது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது மாதிரி. நேரில் பார்த்தால் நல்லது. வரட்டுமா?

இப்போது கேட்டுவிட்டேன்.

தங்கை

*

ஜனவரி 17

வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

சங்கக் கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எங்கள் தலைவர் சொன்னார். தொடங்கியாயிற்று. இனி நான் என் வழியில் எழுதுகிறேன், மைக்கூடு. விரலெல்லாம் மையோடு திரிந்தவளுக்கு வைத்த பெயர். மாற்ற எனக்கு நேரமில்லை.

தொலைபேசி வேண்டாம். மணி அடித்தால் அம்மா பதறுகிறாள். தவிர, பேசினால் நமக்குள் அப்போதே சண்டை வரும். எழுதினால் நாலு நாள் தள்ளியாவது வரும்.

படுத்த படுக்கையாகவோ நினைவு தப்பியோ வீட்டில் ஒருவர் இருக்க, அவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நாங்கள். இருபத்தாறு பேர். செய்வது ஒன்றே ஒன்றுதான். ஒருவர் உன் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் உன் ஆளோடு இருப்பார். அந்த நேரத்தில் நீ முடி வெட்டிக்கொள்ளலாம், பல் டாக்டரிடம் பல்லைக் காட்டலாம், சும்மா நடக்கலாம். பதிலுக்கு நீ இன்னொருவர் வீட்டுக்குப் போவாய். இதற்கு ‘முறை’ என்று பெயர். சங்கத்துக்குப் பெயர் ‘கூட’. நான் வைத்தது. கூட இருக்கிறோம் அல்லவா, அதனால்.

தலைவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். மனைவிக்குப் பக்கவாதம். கூட்டத்தில் யாராவது நீட்டி முழக்கினால் வலது காலைத் தரையில் அழுத்துவார். அதனால் பிரேக் அண்ணன். துணைத்தலைவர் தையற்கார அக்கா. அவர் கணவர் போய் ஆறு மாதம் ஆகிறது. பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் அக்கா முறைக்கு வருவதை நிறுத்தவில்லை.

லோகோவில் என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இரண்டு கை, ஒரு இதயம், ஒரு விளக்கு, சக்கர நாற்காலி, சூரியன், புறா. “புறா எதுக்கு?” என்றேன். “அமைதிக்கும்மா” என்றார் பிரேக் அண்ணன். மொட்டை மாடியில் அவர் பதினெட்டுப் புறா வளர்ப்பது வேறு விஷயம்.

மற்றக் கேள்விகளுக்கு: நூலகத்தின் மேலே ஒரு அறை. சுவர் ஒரு காலத்தில் பச்சை. பலகை படிக்கட்டு திரும்பும் இடத்தில், பட்டப்பகலிலும் இருட்டு. எல்லாமே நகல்தான். நகல் கடைக்காரரின் இயந்திரம் எந்தத் தாளைக் கொடுத்தாலும் இடது ஓரத்தில் ஒரு கறுப்புக் கோட்டை இலவசமாகச் சேர்க்கும். கண்ணாடி எல்லோருக்கும் உண்டு, பாதிப்பேர் அதை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். நான் காலையில் மருந்துக் கடையில் நிற்கிறேன். பொடி எழுத்து ஒரு மனிதரை என்ன பாடு படுத்தும் என்று எனக்கு நீ சொல்ல வேண்டாம்.

நீ வர வேண்டியதில்லை. தபால் போதும். அம்மா அப்படியே இருக்கிறாள்.

செயலாளர்

*

பிப்ரவரி 2

அக்கா,

‘அப்படியே’ என்றால் எப்படியே? மூன்று வருடத்துக்கு முன் நான் பார்த்த அம்மாவா? கட்டிலில் உட்கார்ந்து, விழுந்து அடிபட்ட முழங்காலைத் தடவியபடி, அடுப்பில் எதையோ வைத்தேனே என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவா? உன் கடிதத்தில் புறாவுக்குக்கூட நாலு வரி இருக்கிறது.

சரி, வேலை. இத்துடன் இரண்டு உறை. பெரியதில் லோகோ. ‘கூட’ என்று ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். கை, இதயம் எதையும் வெளியிலிருந்து கொண்டுவராமல் அந்த இரண்டு எழுத்துக்குள்ளேயே ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். ‘கூ’ அகலமான எழுத்து. உடம்பு, வளைவு, வால் என்று எல்லாம் உண்டு. பக்கத்தில் ‘ட’ ஒன்றுமே இல்லாதது: நிமிர்ந்து ஒரு கோடு, படுத்து ஒரு கோடு. நாலாவது நாள்தான் கண்ணில் பட்டது. சாய்மானம், இருக்கை. கீழே இரண்டு கால் வைத்தால் பக்கவாட்டில் ஒரு நாற்காலி. முறைக்கு வருகிறவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலி. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரட்டும் என்று காலியாக விட்டேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. என் மேசைக்காரர்களுக்கும் பிடித்திருக்கிறது.

சின்ன உறையில் ஒரே அறிக்கை மூன்று எழுத்தில். ‘அ’ மெல்லிய கோடும் தடித்த கோடுமாக மாறி மாறி வருவது. ‘ஆ’ எல்லாக் கோடும் ஒரே தடிமன், எழுத்துகளின் வயிறு அகலம். ‘இ’ கையெழுத்துச் சாயல். எல்லோரிடமும் காட்டி, எது படிக்க எளிது என்று கேள். முதலாவது நான் இரண்டு வருடம் உட்கார்ந்து வரைந்தது. அதை அவர்களிடம் சொல்லாதே.

எனக்கு இந்த மாதம் விடுமுறை பாக்கி இருக்கிறது.

தங்கை

*

பிப்ரவரி 11

மைக்கூடு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உனக்கு வலித்தால் வலிக்கட்டும்.

படத்தைச் சுவரில் ஒட்டினேன். முதலில் பிரேக் அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “நாற்காலி நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ஏம்மா அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கு? நோயாளி ‘கூ’தானே? முறைக்கு வந்தவங்க ‘கூ’வுக்கு முதுகைக் காட்டிட்டுல்ல உட்கார்ந்திருக்காங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மைதான், உன் ‘ட’ கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கிறது.

தையற்கார அக்கா சிரிக்கவில்லை. “அதுல யாருமில்லையே” என்றார். “யார் வேணா வந்து உட்காரலாம்னு அர்த்தமாம்” என்றேன். “உங்க தங்கச்சிக்கு அப்படி இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். அவர் வீட்டில் ஒரு நாற்காலி ஆறு மாதமாக அப்படியே கிடக்கிறது. அதில் துணியைக்கூட வைப்பதில்லை. எங்கள் இருபத்தாறு பேருக்கும் காலி நாற்காலி என்றால் ஒரே அர்த்தம்தான். இங்கே உட்கார்ந்து பழகியவளாக இருந்தால் உனக்கு இதை யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

எழுத்துப் பரீட்சை வேடிக்கையாகப் போனது. அதற்குள் மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். ‘அ’ வக்கீல் நோட்டீஸ். ‘ஆ’ மருந்துச் சீட்டு. ‘இ’ காதல் கடிதம். பிரேக் அண்ணன் தாளை அறைக் கோடியில் பிடிக்கச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தார். “பஸ் போர்டு எத்தனை அடியில தெரியும்னு எனக்குச் சொல்லித் தராதீங்க.” மருந்துச் சீட்டு ஒன்பது அடியில் தெரிந்தது. காதல் கடிதம் ஆறு. வக்கீல் நோட்டீஸ் நாலு.

உன்னுடையது என்று நான் சொல்லவில்லை. நகல் எடுத்துப் பார்த்தேன். மெல்லிய கோடுகள் காணாமல் போயின.

விடுமுறையை வேறு எதற்காவது வைத்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்கா,

முதுகை நான் கவனிக்கவில்லை. இரண்டு வாரம் அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆறு பேரில் யாருமே கவனிக்கவில்லை. தையற்கார அக்காவிடம் என் சார்பில் ஏதாவது சொல்வாயா? என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் நானே எழுதியிருப்பேன்.

‘இங்கே உட்கார்ந்து பழகியவளாக இருந்தால்’ என்று எழுதியிருக்கிறாய். ஒரு பக்கம் அப்படிச் சொல்கிறாய், மறுபக்கம் வராதே என்கிறாய். இரண்டில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்.

என் எழுத்தை நானும் சோதித்தேன். நகலின் நகலின் நகல் என்று ஏழு தடவை. முதலில் போனவை மெய்யெழுத்துகளின் புள்ளிகள். உங்கள் அறிக்கையில் ‘பல் செட்டைக் கழற்றி வைக்கவும்’ என்று ஒரு வரி இருக்கிறது. ஐந்தாவது நகலில் அது ‘பல செட்டை’ ஆகிவிட்டது. எத்தனை செட் வைத்திருப்பார் பாவம். இரண்டு வருடமாக அழகு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் வெள்ளைத் தாள், நல்ல வெளிச்சம், இரண்டு கையும் சும்மா இருக்கிற ஆள் என்று வைத்துக்கொண்டு வரைந்தது. ஒரு கையில் டம்ளரும் மறு கையில் தாளுமாகப் படிக்கிறவர் என் நினைப்பில் வந்ததே இல்லை.

அதனால் மருந்துச் சீட்டுதான். புள்ளிகளைக் கால் பங்கு பெரிதாக்கியிருக்கிறேன். லோகோவில் படமே வேண்டாம். அதே எழுத்தில், இன்னும் தடிமனாக, ‘கூட’ என்ற சொல் மட்டும். இரண்டு எழுத்தும் ஒட்டாது, ஆனால் நடுவில் வேறு எதுவும் நுழையவும் முடியாது. அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று நாள் ஆனது. வெளியே இருந்து பார்த்தால் நான் ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும்.

நீ கையால் எழுதி அனுப்பிய புது அறிக்கையையும் அடுக்கி, மாதிரித் தாள் வைத்திருக்கிறேன். திருத்தி அனுப்பு.

தங்கை

*

மார்ச் 3

மைக்கூடு,

‘கூட’ எல்லோருக்கும் பிடித்துவிட்டது. “இதுக்கு எதுக்கு டிசைனர், நானே எழுதிருவேனே” என்றார் பிரேக் அண்ணன். எழுதச் சொல்லித் தாளைக் கொடுத்தேன். எழுதிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தையற்கார அக்கா விரலால் தடவிப் பார்த்து, “இடுக்கு சரியா இருக்கு” என்றார். தையல்காரர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

அறிக்கைதான் மானத்தை வாங்கிவிட்டது. நான் கொடுத்த தலைப்பு: ‘இரண்டு மணி நேரம் நாங்கள் கூட இருக்கிறோம்.’ நீ போட்டிருப்பது: ‘இரண்டு மணி நேரம் நாங்கள்கூட இருக்கிறோம்.’ தையற்கார அக்கா சத்தமாக வாசித்தார். “நாங்ககூட இருக்கோம், எங்களையும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கன்னு கெஞ்சுற மாதிரி இருக்கே” என்றார். “அதுவும் நெசந்தானே, அப்படியே விட்டுரலாம்” என்று பிரேக் அண்ணன். கால் மணி நேரம் கூட்டமே நடக்கவில்லை.

என் வாக்கியத்தில் கை வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? நான் இடம் விட்டுத்தான் எழுதியிருந்தேன்.

இன்னொன்று. விதிகளில் ஐந்தாவதைக் கொட்டை எழுத்தில் போடு: ‘நோயாளியின் சொந்தக்காரர்கள் முறைக்கு வரக் கூடாது.’ வந்தால் நோயாளியை விட்டுவிட்டு நம்மைப் பிடித்துக்கொள்கிறார்கள். இப்படியா வைத்திருக்கிறாய், எங்கள் வீட்டில் என்றால் அப்படி வைத்திருப்போம் என்று. போன மாதம் இரண்டு வீட்டில் ரகளை.

அக்கா

*

மார்ச் 9

அக்கா,

நீ இடம் விட்டு எழுதவில்லை. உன் தாள் என் முன்னால்தான் இருக்கிறது. உன் கையெழுத்தில் வார்த்தைகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு போகின்றன. எங்கள் இடத்தில் ஒரு விதி உண்டு. ‘உம்’ என்ற பொருளில் வரும் ‘கூட’ முன்சொல்லோடு சேர வேண்டும்: நான்கூட, அதுகூட. உடன் என்ற பொருளில் வந்தால் தனியே நிற்க வேண்டும். எது எது என்று யோசிக்காமல் என் கை பழக்கத்தில் சேர்த்துவிட்டது. சங்கத்தின் பெயரே அதுதான் என்பதைக்கூட அந்த நேரத்தில் மறந்துவிட்டது. தப்பு என்னுடையது. திருத்திவிட்டேன்.

ஆனால் அதைத் திருத்திய பிறகு என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு சீட்டைத் தேடி எடுத்தேன். அம்மா விழுந்த வாரம் நான் நாலு நாள் வந்திருந்தேன். கிளம்பிய காலை என் பையின் பக்க அறையில் நீ செருகியிருந்தது. மருந்துக் கடைச் சீட்டின் பின்பக்கம். பஸ்ஸில்தான் பார்த்தேன். இந்த மூன்று வருடமாக அதை நான் படித்து வந்தது இப்படி:

‘நீகூட இருக்க வேண்டாம். போ.’

யாருமே வேண்டாம், கடைசியில் நீயும்தான் என்று. வேலைக்குத் திரும்பிய குற்றத்துக்கு எனக்குக் கிடைத்த தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டேன். அதனால்தான் பண்டிகை, பிறந்தநாள் என்று எந்தச் சாக்கிலும் வாசலில் வந்து நிற்கவில்லை.

நேற்று அளவுகோல் வைத்து அளந்தேன். ‘நீ’க்கும் ‘கூ’வுக்கும் நடுவில் முக்கால் மில்லிமீட்டர். ‘கூட’வுக்கும் ‘இருக்க’வுக்கும் நடுவில் அதே முக்கால். நடுவில் இடம் இருந்தால் அந்த வாக்கியமே வேறு. நீ எங்களோடு இருந்து கஷ்டப்பட வேண்டியதில்லை, போய் உன் வேலையைப் பார் என்று ஆகிவிடும். ‘வேண்டாம்’ என்பதையும் எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். தேவையில்லை என்றும், கூடாது என்றும்.

நீ என்ன எழுதினாய், அக்கா?

*

மார்ச் 26

மைக்கூடு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாக அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. பதில் எழுத உட்கார்ந்தால் அம்மா கூப்பிடுவாள். கூப்பிடாத நாளில் நானே எழுந்து துணி மடிப்பேன்.

சீட்டு எழுதிய அன்று மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. உனக்கு வேலை கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நீ இருந்தால் அது போய்விடும் என்று தெரியும். இவளாவது போகட்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுதிச் செருகிவிட்டு ஜன்னலில் நின்றேன். நீ பையைத் திறப்பாய், சீட்டைப் பார்ப்பாய், இவ சொன்னா நான் போயிடணுமா என்று கிழித்துப் போட்டுவிட்டுப் படியேறி வருவாய் என்று நின்றேன். பஸ் திரும்பும் வரை நின்றேன். பிறகு அந்த வாக்கியத்துக்கு நீ படித்த அர்த்தமும் வந்துவிட்டது. பிறகுதான் வந்ததா, எழுதும்போதே உள்ளே இருந்ததா என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. உன் அளவுகோலில் அது தெரியாது.

ஆனால் இப்போது வராதே என்று சொல்வதற்குக் காரணம் அது இல்லை. மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய், இனியும் மழுப்ப முடியாது.

அம்மா வரிசையாக மறந்தாள். முதலில் அடுப்பை. பிறகு கிழமையை. பிறகு தெருவை. போன ஜூனில் பொழுதுபோக்காகப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். உன் படம் வந்தது. “யாரு இந்தப் பொண்ணு? மருந்துக் கடையில உன்னோட வேலை பார்க்கிறவளா?” என்றாள். “உன் சின்ன மகம்மா” என்றேன். “எனக்கு ஒரு மகதானே” என்று என் புறங்கையில் தட்டினாள். கோபமில்லை. வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்ன பிள்ளையைத் திருத்துவது போல. பிறகு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே தட்டல்.

இதை உனக்கு எப்படி எழுதுவது? நீ வந்து கட்டிலருகே நிற்க, அவள் உன்னை யாரோ என்று பார்க்க, அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமா? அதற்கு நீ என்மேல் கோபமாக இருப்பதே மேல் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றை மறைத்தால் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். ‘எனக்கு ஒரு மகதானே’ என்று அவள் சொன்ன அந்த நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடிதான். நீ வெறுத்தால் அதற்காக வெறு. சீட்டுக்காக வேண்டாம்.

அக்கா

*

மார்ச் 31

செயலாளர், ‘கூட’ சங்கம் அவர்களுக்கு,

பொருள்: முறைக்கு ஆளாகச் சேர விண்ணப்பம்.

தங்கள் விதி ஐந்தின்படி நோயாளியின் சொந்தக்காரர்கள் முறைக்கு வரக் கூடாது. கொட்டை எழுத்தில் நானே அடுக்கியது, மறக்கவில்லை. தங்கள் வீட்டிலிருக்கும் நோயாளிக்கு ஒரே மகள் என்று அவரே சொல்வதாகத் தங்கள் மார்ச் 26 கடிதத்திலிருந்து அறிகிறேன். அவரைப் பொறுத்தவரை நான் சொந்தக்காரி இல்லை. ஆகவே விதிப்படி எனக்குத் தகுதி உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வர முடியும். தலைவரின் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்.

விண்ணப்பம் முடிந்தது. இனி உனக்கு.

அந்த ஒரு நொடி பற்றி எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணானது. வருத்தம் இருக்கிறது. உன்மேல் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. மூன்று வருடம் நீ பக்கத்தில் இருந்து சேர்த்ததை நான் தூரத்தில் இருந்துகொண்டு கேட்க முடியாது, அது தெரியும். தெரிந்தும் வலிக்கிறது. அவ்வளவுதான்.

அவள் என்னை யாரோ என்று பார்ப்பாள். பார்க்கட்டும். யாரோ ஒருவர் வந்து பக்கத்தில் உட்காருவதற்குத்தானே நீங்கள் சங்கமே வைத்திருக்கிறீர்கள்.

தங்கை

*

ஏப்ரல் 15

மைக்கூடு,

பிரேக் அண்ணனிடம் உன் விண்ணப்பத்தைக் கொடுத்தபோது இரண்டு தடவை படித்தார். “நோயாளி ஒத்துக்காத சொந்தம் சொந்தத்துல சேராது. சேர்த்துக்குங்க” என்றார். காலைத் தரையில் அழுத்தவில்லை. அதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

நீ முதல் முறைக்கு வந்த சனிக்கிழமை பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவையும் மாத்திரைப் பெட்டியையும் உன்னிடம் ஒப்படைத்துவிட்டு, கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் எங்கேயும் போகவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு மணி நேரமும். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் தடவை இப்படித்தான் செய்வார்கள். அவர்களை எழுப்பித் தெருவுக்குத் துரத்துவதே என் வேலை. என்னைத் துரத்த ஆளில்லை.

எல்லாம் கேட்டது. அவள் உன்னை ‘வாங்க’ என்றாள். நீயும் அவளை ‘நீங்க’ என்றாய். அதைக் கேட்கத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பிறகு ஏதோ புடவைக்கரை பற்றிப் பேச்சு. நீ ஒருமுறை சிரித்தாய். பிறகு அவள், “உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க உண்டா?” என்று கேட்டாள்.

“ஒரு அக்கா.”

“நல்லாப் பார்த்துக்குறாளா?”

“யாரை?”

“உங்களைத்தான்.”

அந்த நேரம் பார்த்து மேல்வீட்டில் யாரோ வாளியைத் தரதரவென்று இழுத்தார்கள். நீ சொன்னது கேட்கவில்லை. என்ன சொன்னாய்?

பலகை மாட்டியாயிற்று. படிக்கட்டு இருட்டில் முதல் படியிலிருந்தே தெரிகிறது. மே மாத முறைப் பட்டியலில் உன் பெயரைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். மற்றவர்களுக்குப் பென்சில்.

அக்கா

*

மே 9
முறைக் குறிப்புத் தாள்

செயலாளருக்கு,

தாளில் இடம் குறைவு, பின்பக்கமும் எழுதுகிறேன். நீ கேட்டதற்கு முதலில் பதில்: “கடிதம் போடுவா” என்றேன். அம்மா யோசித்துவிட்டு, “அது போதாதே” என்றாள்.

2.00. நீ கிளம்பினாய். நான் படிக்கட்டு வரை வந்து, தெருமுனை தாண்டும் வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

2.25. தண்ணீர் அரை டம்ளர். போன மாதம் என்னைப் பார்த்தது அம்மாவுக்கு நினைவில்லை. புதிதாக அறிமுகம் செய்துகொண்டேன். எங்கே வேலை என்று கேட்டாள். எழுத்து வரைகிறேன் என்றேன். “எழுதுறதுதானே, வரையுறது என்ன?” என்றாள். விளக்க முக்கால் மணி நேரம் ஆனது. என் பேனாவை வாங்கி ‘அ’ போட்டாள். சுழி நல்ல சுழி. அந்தத் தாளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

3.30. மாத்திரை ஒன்று, வெள்ளை. தகராறு இல்லை.

4.00. உன் இரண்டு மணி நேரம் முடிந்தது. நீ வரவில்லை. அம்மா தூங்கிவிட்டாள்.

4.40. பிரேக் அண்ணன் மூச்சு வாங்க மேலே வந்தார். “செயலாளர் பூங்காவுல பெஞ்சுல உட்கார்ந்தபடியே தூங்குறாங்க. எழுப்பட்டுமா?” என்றார். “தூங்கட்டும்ணே, நான் இருக்கேன்” என்றேன். அப்படியானால் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போனார்.

5.30. அம்மா எழுந்தாள். மகள் எங்கே என்று கேட்டாள். வெளியே போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன்.

6.10. செயலாளர் திரும்பினார். வலது கன்னத்தில் பெஞ்சுக் கட்டையின் கோடு. நோயாளியையும் மாத்திரைப் பெட்டியையும் ஒப்படைத்தேன். ஆறு மணி பஸ் போய்விட்டது. நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறேன்.